அருவிக்குச் சங்கு வைத்த கதை

எல்லாவற்றுக்கும் நீர்தான் ஐயா காரணம். முகத்தைத் திருப்ப வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன். முதன்முதலில் வேலைக்கு நேரம் குறித்து மில் சங்கை ஊதவைத்த ஆள் நீர். கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசும்.

ஒரு காட்டில் லீவு என்று ஒன்று கிடையாது. வேலை என்று ஒன்று இருந்தால்தானே லீவு? மிருகங்கள் பசித்தால் தேடித் தின்றன, தூக்கம் வந்தால் தூங்கின. அந்தக் காட்டுக்கு ஒரு யானை வந்து, மரப்பட்டையில் கயிறு திரிக்கும் மில் போட்டது. காலையில் சங்கு ஊதினால் எல்லாரும் உள்ளே, மாலையில் ஊதினால் வெளியே. கஞ்சி குடிக்க ஒரு சங்கு, குடித்தது போதும் என்று இன்னொன்று. கயிறு ஏற்றிப்போக மலை வரைக்கும் தண்டவாளம் போட்டுச் சரக்கு வண்டியும் விட்டார்கள். மில் கக்கிய கரியில் முயலும் காக்கையும் ஒரே நிறமாகிவிட்டன.

கொதிகலனைக் கழுவ வாரத்தில் ஒரு நாள் மில் நின்றாக வேண்டும். அதற்கு ஞாயிறு என்று பெயர் வைத்தது யானை. முதல் ஞாயிறன்று மொத்தக் கூட்டமும் மில் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"முதலாளி, இன்னைக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டது கரடி.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"சரிங்க. அதை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்?"

மத்தியானத்துக்குள் சும்மா இருந்த வாய்களெல்லாம் கூலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டன. யானை அவசரமாக வண்டி காண்டிராக்டர் நரியைக் கூப்பிட்டு, "இதுகளை எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போய்யா" என்றது.

"சரக்கு வண்டி சும்மாதானே நிக்குது? உள்ளே பலகை போட்டாப் போதும். மலையில ஒரு அருவி இருக்கு. சுத்தமான காத்து. தலைக்கு ஒரு டிக்கெட்."

"காத்துக்கு எவன்யா காசு கொடுப்பான்?"

"உங்க மில்லுல ஆறு நாள் மூச்சு விட்டவன் கொடுப்பான் முதலாளி."

அருவிக்கடியில் பேச்சிமுத்து என்ற நீர்நாயும் அதன் பெண்டாட்டி வடிவும் குடியிருந்தன. அடுத்த ஞாயிறன்று இருநூறு மிருகங்கள் வந்திறங்கி, கரையோரம் வரிசையாக நின்றன. ஒன்றுகூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

"என்னவே, குளிக்க வந்தீங்களா, துக்கம் கேக்க வந்தீங்களா?" என்றது பேச்சிமுத்து.

"குளிக்கத்தான் அண்ணாச்சி," என்றது கரடி. "இன்னும் சங்கு ஊதலையே."

"அருவிக்கு எதுக்குவே சங்கு?"

"ஊதாம இறங்கினா அரை நாள் கூலியைப் பிடிச்சிருவாங்க."

பாவமாகப் போய்விட்டது பேச்சிமுத்துவுக்கு. கையைக் குவித்து வாயில் வைத்து 'பூ' என்று ஊதியது. அது செய்த ஒரே தப்பு அதுதான். இருநூறும் ஒரே பாய்ச்சலாகக் குளத்தில் விழுந்தன. வடிவு ஒரு எருமையின் காலுக்கடியில் மாட்டிக்கொண்டது. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேச்சிமுத்து பதறிப்போய் மறுபடி ஊதியது. அத்தனையும் மறுபேச்சில்லாமல் கரையேறித் தலை துவட்டின.

நரி பார்த்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அருவிக்கு வேலி வந்தது, கேட் வந்தது, நிஜச் சங்கே வந்தது. ஆளுக்குப் பத்து நிமிஷம். மில் கொடுத்த லீவுச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. இரை தேடப் போய்த் திரும்பிய நீர்நாய்கள் இரண்டும் கேட்டுக்கு வெளியே நின்றன.

"இது என் வீடுவே," என்றது பேச்சிமுத்து.

"இல்லேன்னு யார் சொன்னா? லீவுச் சீட்டைக் காட்டுங்க," என்றது நரி.

"வீட்டுக்குள்ள போக எதுக்கு லீவு?"

"வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் அண்ணாச்சி லீவு. உங்களுக்குத்தான் வேலையே இல்லையே, பாவம்."

"சரி, ஒரே ஒரு மூலையைக் கொடு. அதுவும் வேண்டாம், கூட்டமில்லாத ஆறு நாள் மட்டும் இருந்துக்கிடுதோம்."

"அந்த ஆறு நாளும் அருவிக்கு ஓய்வு," என்று கேட்டைப் பூட்டியது நரி.

மூன்று வாரம் வாதாடிப் பார்த்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மில்லில் சேர்ந்தார்கள். ஆறு நாள் பட்டை உரித்தார்கள், கரி தின்றார்கள். ஏழாம் நாள் டிக்கெட் வாங்கி, வண்டியில் நசுங்கி, வரிசையில் நின்று, சங்கு ஊதியதும் குதித்தார்கள்.

பத்து நிமிஷம் கழித்துச் சொட்டச் சொட்டக் கரையேறிய பேச்சிமுத்து கரடியைக் கட்டிக்கொண்டது. "என்ன இடம்வே இது. இங்கேயேதான் பிறந்து வளர்ந்தேன், ஒரு நாளாவது நின்னு பார்த்திருப்பேனா?"

"அடுத்த வாரமும் வரணும்ங்க," என்றது வடிவு. திரும்பும்போது ஒரு பாட்டில் அருவித் தண்ணீரும் வாங்கிக்கொண்டார்கள்.

நீதி: தன் வீட்டின் அழகு தெரிய வேண்டுமானால், முதலில் அதிலிருந்து துரத்தப்பட வேண்டும், பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

ஆகையால் ஐயா, செய்ததற்கு இப்போதாவது ஒரு வழி பண்ணும். சங்கை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் எங்களுக்குக் குளிக்கவே தெரியாது. அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு மணி நேரமாக்கும். முடியாதா? முக்கால் மணி. சரி, அரை மணி. அதற்குக் கீழே ஒரு நொடிகூட இறங்கமாட்டேன்.