கோச்சியில் ஒரு தற்செயல்

ரயில் ஊதிப் புறப்பட்ட பிறகும் எதிரே இருந்த மூன்று இருக்கைகளும் காலியாகவே கிடந்தன. ஒன்றில் சண்முகலிங்கத்தின் கைக்குட்டை, அடுத்ததில் தொப்பி, மற்றதில் சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டி.

ரொறொன்ரோவுக்கு வடக்கே, சிவப்புப் பைன் காட்டுக்குள் போய்வருகிற பழைய நீராவி ரயில் அது; ஊர்ப்பேச்சில் கோச்சி. மற்றவர்கள் காடு பார்க்க வந்திருந்தார்கள். சண்முகலிங்கம் மருமகன் பார்க்க வந்திருந்தார்.

பிக்கரிங்கில் இருக்கும் தில்லையம்பலம் குடும்பம், டொக்டர் மகனோடு, இதே ரயிலில் தற்செயலாக வரும். தற்செயலாக இந்த மூன்று இருக்கையில் உட்கார்ந்து மகள் சுபாங்கியைக் காணும். பிடிக்காவிட்டால் இரு பகுதிக்கும் மானக்கேடு இல்லை. இதுதான் தரகர் பொன்னம்பலத்தின் ஏற்பாடு. சுபாங்கியும் தற்செயலாகக் காஞ்சிபுரம் சேலை கட்டியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பிவிட்டது. இதுவும் கைநழுவினால் குடியிருக்கும் அஜின்கோர்ட்டில் தலைகாட்ட முடியாது என்று சண்முகலிங்கம் உண்மையாகவே பயந்தார்.

"அடுத்த பெட்டியில இருக்கினமோ எண்டு ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்," என்றாள் மனைவி யோகராணி.

"உனக்கென்ன விசரே? பொம்பிளைப் பகுதி தேடி அலையுது எண்டு கதை வராதே? அவையள்தான் வரவேணும்."

வெள்ளைக்காரக் கிழவரும் மனைவியும் வந்து எதிர் இருக்கையைக் காட்டினார்கள்.

"நோ, நோ. மை பிரதர் கமிங்."

அவர்கள் போனதும் பிள்ளைகளோடு ஒரு தாய் வந்தாள். அவளுக்கும் அதே தம்பிக் கதைதான். அவள் பேசாமல் போகவில்லை, நேரே கண்டக்டரிடம் போனாள்.

பழைய காலத்துத் தொப்பியும் சங்கிலிக் கடிகாரமுமாகக் கண்டக்டர் வந்தார். "உங்கள் தம்பி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வாஷ்ரூம்."

"இந்த ரயிலில் வாஷ்ரூம் கிடையாதே."

சுபாங்கி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "அப்பா, பிளீஸ்! சீற்றைக் குடுங்கோ. வெளியில பாருங்கோ, மரமெல்லாம் எவ்வளவு வடிவா இருக்கு!"

"மரம் எங்கை ஓடப்போகுது? நீ சும்மா இரு." சண்முகலிங்கம் மனைவியின் காதைக் கடித்தார். "நீ உந்தச் சீற்றில நீட்டி நிமிர்ந்து படு. மயக்கம் எண்டு சொல்லுறன்."

"றோல்ஸ் கிடக்கே!"

"றோல்ஸுக்கு மேல படு!"

யோகராணி புறுபுறுத்தபடி போய்ப் படுத்தாள். பெட்டி நசுங்கியது. சண்முகலிங்கம் தலையில் கைவைத்து, "மை வைஃப்! மை வைஃப்!" என்று கத்தினார். கொஞ்சம் கூடுதலாகவே கத்திவிட்டார். கண்டக்டர் வெலவெலத்துப்போய், டொக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கூவியபடி முன்பெட்டிக்கு ஓடினார்.

"ஐயோ, இப்ப டொக்டர் வந்து பாத்தா என்னப்பா செய்யிறது?" யோகராணி ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டாள்.

"பேசாமல் கிட. சீற் தப்பிச்சுதெல்லே."

கண்டக்டர் திரும்பி வந்தார். கூட யாரும் இல்லை.

"முன்பெட்டியில் உங்கள் ஆட்களில் ஒரு டொக்டர் இருந்தார், வரத்தான் எழும்பினார்," என்றார் மூச்சு வாங்க. "அதற்குள், அவர்களும் உங்களைப் போலவே எதிரே சாமான் வைத்துப் பிடித்திருந்த மூன்று இருக்கையும் யாருக்கு என்று அவருடைய அப்பாவைக் கேட்டுவிட்டேன், டொக்டர் இப்போது அதன்மேல் மயங்கிக் கிடக்கிறார்."