என் மணிக்கட்டும் அதிகாரியின் காதும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதும் கடிதம். இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். இந்த வரியை அவளாகவே எழுதிக்கொண்டாள், நான் சொல்லவில்லை. எனக்கு நலமில்லை. என் வலது மணிக்கட்டுக்கு அறவே நலமில்லை. நீயும் உன் வக்கீலும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் வழக்கைக் குட்டிச்சுவராக்கியதில் உங்கள் இருவர் மேலும் ஒரு சிராய்ப்புகூட விழவில்லையே.

என்ன நடந்தது என்று உன் வக்கீலுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதால் கடைசித் தடவையாகச் சொல்கிறேன். சலூனைத் திறக்க சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஓரமாகத்தான் போனேன். மருந்துக்கடை முன்னால் நின்ற காரின் கதவு படாரென்று திறந்தது. பின்னால் எவனாவது வருகிறானா என்று ஒரு பார்வை பார்த்தால் அந்த ஆளுக்குக் கழுத்து சுளுக்கிவிடுமா? சைக்கிள் கதவில், நான் ரோட்டில், என் கனம் மொத்தமும் வலது கையில். விழுந்து கிடந்தபடியே நான் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சுக்குங்க சார்." ஆமாம், சொன்னேன். இல்லையென்று எப்போதாவது மறுத்தேனா? நாற்காலியில் உட்கார்ந்தவர் தும்மினாலும் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். அடுத்தவன் கழுத்தில் கத்தி வைக்கிறவனுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி எவன் வந்து தாடையைக் காட்டுவான்? அது தொழில் பழக்கம். அதைப் போய் மருந்துக்கடைக்காரர் காதில் வாங்கி, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்துவிட்டார். கார்க்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கதவு அது பாட்டுக்கு இருந்துச்சு சார், இவர்தான் வந்து மோதினார். மோதிட்டு மன்னிப்பும் கேட்டார்" என்கிறார். கதவில் கோடு விழுந்ததற்கு நான் நஷ்டஈடு தர வேண்டுமாம்! கை உடைந்தது எனக்கு, பரிதாபம் கதவுக்கு! என்ன அநியாயம் மச்சான் இது!

அப்போதுதான் நீ வந்து குதித்தாய். வக்கீல் குமாஸ்தா மச்சினன் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று நானும் நம்பித் தொலைத்தேன். "அத்தான், இனிமே உசுரே போனாலும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா தப்பை ஒத்துக்கிட்டதா எழுதிக்குவாங்க. ரொம்பக் குடைஞ்சா, 'இது குறித்து நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை'ன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை வக்கீல் பாத்துப்பார்" என்றாய். வக்கீல் பார்த்தார், என் கைக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு நன்றாகவே பார்த்தார். நானும் உன் பேச்சைக் கேட்டு வீட்டிலேயே பழகினேன். போன வாரம் கை தவறி ஸ்டூலை உன் அக்கா கால்மேல் போட்டுவிட்டு, "இது குறித்து நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை" என்றேன்.

(தம்பி, இது நிஜம். இன்னும் வீங்கித்தான் இருக்கு. — அக்கா)

சரி, கைக்கு வருகிறேன். கட்டுப் பிரித்தாகிவிட்டது. பார்க்க நல்ல கைதான். ஆனால் கத்தரிக்கோலைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் அதுவாகவே வெடுக்கென்று இழுக்கிறது. டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். நஷ்டஈடு தர வேண்டிய கார் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அது போதாதாம், ஒரு அதிகாரியை அனுப்பி நேரில் பார்ப்பார்களாம். வந்து பார்க்கட்டும் என்று கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் "கை சரியானதும் வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் இப்போது என் வேலை. என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், வேறு எவனோ வெட்டிவிட்ட தலையோடு, என் கடையைத் தாண்டும்போது குனிந்துகொண்டே போனார். இந்தக் கையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை மச்சான். உன் ஆபீஸில் அது ஒரு கேஸ் கட்டு, எனக்கு அது சோறு.

அந்த அதிகாரி வந்தார். உட்கார வேறு இடமில்லாததால் முடிவெட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அங்கேதான் வந்தது வினை. "கையை மடக்குங்க, நீட்டுங்க" என்கிறார், எனக்கோ கண் அவர் தலையில். பின்கழுத்தில் எலி கரண்டிய மாதிரி ஒரு வெட்டு. இடது கிருதா வலதைவிட அரை விரல் கீழே தொங்குகிறது.

"இந்தத் தலையை யார் சார் வெட்டுனது?"

"அதை விடுங்க. வலிக்குதா இல்லையா?"

"ரொம்ப வலிக்குது சார். பாக்கவே முடியலை."

எப்போது எழுந்தேன், எப்போது துண்டைப் போர்த்தினேன், எனக்கே தெரியாது. அந்த மனுஷனும் நாற்காலியில் உட்கார்ந்த பழக்கத்தில் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டார். வலது கையால்தான் வெட்டினேன், பின்னே காலாலயா வெட்டுவாங்க? சரக் சரக்கென்று அந்தப் பழைய சத்தம். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்கழுத்து பளிச்சென்று வந்தது. இடது பக்கம் போனேன். கட்டைவிரல் வெடுக்கென்று இழுத்தது. காது நுனியில் பட்டுவிட்டது. "ஐயோ!" என்று கத்தினார். அந்த வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது மச்சான், வந்தேவிட்டது. உன் முகம் ஞாபகம் வந்தது. பல்லைக் கடிச்சிக்கிட்டு, "இது குறித்து நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை"ன்னேன். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! என் துண்டாலேயே காதைப் பொத்திக்கிட்டுப் போனவர், ஆபீஸில் என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? "வலது கை நன்றாக இயங்குகிறது. என் எதிரிலேயே முடி வெட்டினார்." போச்சு! நஷ்டஈடு கிடையாதுன்னு பதில் வந்துடுச்சு. உன் வக்கீல் அதைப் படிச்சிட்டு "அடடா" என்றாராம். அடடா சொல்றதுக்கா அவருக்கு ஃபீஸு?

ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும் வழக்கை வாபஸ் வாங்கு. எனக்கு ஒரு மண்ணும் வேண்டாம். கார்க்காரர் வீட்டுக்கு நானே போய், அந்தக் கதவைத் துடைத்துக் கொடுத்து, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். உன் ஆலோசனைக்கும் ஒரு கும்பிடு. இனி உன் முடி வளர்ந்து தோளில் புரண்டாலும் என் கடை வாசலை மிதிக்காதே. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

(உண்டு தம்பி, நான் சேர்த்து எழுதிட்டேன். — அக்கா)

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்தார். அந்த அதிகாரி காதுக்காக வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார்! உன் அக்கா படித்தாள்: "வேலைக்கு உதவாத, தன் கட்டுப்பாட்டில் இல்லாத வலது கையால் கத்தரிக்கோலைப் பிடித்து என் கட்சிக்காரரின் காதைக் காயப்படுத்தியதோடு, மன்னிப்புகூடக் கேட்கவில்லை." திரும்பப் படிக்கச் சொன்னேன். மறுபடியும் படிக்கச் சொன்னேன். மச்சான், என் கை நல்ல கை என்று எழுதிக் கொடுத்த அதே ஆள்! கை நல்லதுன்னா காது எப்படிக் கிழிஞ்சது? கை கெட்டதுன்னா என் நஷ்டஈடு எங்கே? மேலே எழுதினதை எல்லாம் கிழிச்சுப் போடு. வாபஸ் கீபஸ் எதுவும் வாங்கிடாதே. நோட்டீஸை இதோடு வைத்திருக்கிறேன், உடனே வக்கீலிடம் கொடு, என் வணக்கத்தையும் சொல். நான் மட்டும் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருந்தால் அந்த ஆள் சிரித்துக்கொண்டே போயிருப்பார், இந்த நோட்டீஸே வந்திருக்காது. நீ கெட்டிக்காரன்டா!

ஒன்றே ஒன்று. அவருடைய இடது பக்கம் பாதியில் நிற்கிறது. வேறு எவனிடமும் போய்த் தலையைக் கொடுக்க வேண்டாம் என்று வக்கீல் மூலமாகச் சொல்லி வை. தீர்ப்பு வரட்டும், இந்தக் கையும் சரியாகட்டும், நானே முடித்துக் கொடுக்கிறேன். மன்னிப்பும் அன்றைக்கே கேட்டுவிடுகிறேன். அது அன்றிலிருந்து நாக்கு நுனியிலேயே நிற்கிறது, சோறுகூட இறங்க மாட்டேன் என்கிறது.