எதிரொலி வைத்தியர்

அந்தப் பழைய தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடைசி பெஞ்சுக்கு அடிதடி. முன்வரிசைகள் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். பின்னால் மட்டும் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக வீட்டுக்கு ஓடத்தான் இந்த நெருக்கடி என்று நினைத்தால் தப்பு. அதெல்லாம் பழைய காலம். இப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால்தான் புண்ணியவான் என்று பெயர்.

எல்லாம் எதிரொலி வைத்தியர் வந்த பிறகுதான்.

தேவாலயத்தைக் கட்டியவர்கள் கல்லில் குறை வைக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை, வழுவழுப்பான சுவர். போதகர் ஒரு வார்த்தை சொன்னால் அது மேலே போய், சுவரில் முட்டி, சாவகாசமாகத் திரும்பி, அடுத்த வார்த்தையின் தலையில் விழும். பின்னால் இருப்பவர்களுக்குப் பிரசங்கம் முழுக்க யாரோ குடத்துக்குள் பேசுவது போலத்தான்.

முதலில் ஒலிபெருக்கிக் கடைக்காரர் வந்து பார்த்தார். மேலே தொங்கும் பெரிய ஒலிபெருக்கியைக் கழற்றுங்கள், தூண்களில் சின்னச் சின்னதாக ஆட்கள் பக்கம் திருப்பி வையுங்கள், பின்சுவரில் தடித்த திரை போடுங்கள், போதகர் ஐயா கொஞ்சம் நிறுத்திப் பேசட்டும் என்றார். நிர்வாகக் குழுவுக்கு ஒரே ஏமாற்றம். திரையாம், நிறுத்திப் பேசுவதாம். இவ்வளவு பெரிய வியாதிக்கு இவ்வளவு சாதாரண மருந்தா?

வைத்தியரிடம் சாதாரணம் என்ற பேச்சே இல்லை. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக வந்தவர், அதைத் தூணில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். தரைக்கடியில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் மனம் ஆறாமல் போதகர் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்கிறார்கள், அதுதான் எதிரொலி என்றார். அவர்களைச் சாந்தப்படுத்தத் தூண்தோறும் நாதக் கலசம் தொங்கவேண்டும். குடும்பத்துக்கு ஒரு கலசம்; கலசத்தின் மேல் குடும்பத்தின் பெயர். பெரிய குடும்பத்துக்குப் பெரிய கலசம். இது போதாதா? போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

கூடவே இன்னொன்றையும் நைசாகச் சொல்லிவைத்தார். கலசம் தொங்கிய பிறகும் ஒருவருக்குக் கேட்கவில்லை என்றால், கோளாறு கலசத்தில் இல்லை. அவர் மனசில் பாவம் இருக்கிறது.

அப்புறம் யாருக்குத்தான் கேட்காது?

கலசங்கள் தொங்கிய அன்று, எல்லோருக்கும் மனப்பாடமான ஜெபத்தைப் போதகர் சொன்னார். கடைசி பெஞ்சுவரை ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சிலருக்குப் போதகர் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டது. வைத்தியர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். தலைகள் ஆடின. ஒரே ஒரு தலை ஆடவில்லை.

"எனக்குக் கேக்கலைங்க. முன்ன இருந்த அதே இரைச்சல்தான்."

சொன்னது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கும் கேட்கவில்லைதான். ஆனால் அவள் தலையாட்டிவிட்டாள். காரணம், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அம்மாவை அன்றே முதல் பெஞ்சுக்குத் தள்ளினார்கள். பாவிக்கு அங்கே இடம். தனியாக உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். மாப்பிள்ளையின் அம்மா, இருப்பதிலேயே பெரிய கலசத்தை வாங்கியவர். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது அங்கே வழக்கம். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது ஓலைக்கு முன்னால் பெண்ணின் அம்மா சபை நடுவில் முழங்கால் போட்டு, மறைத்துவைத்த பாவத்தைச் சொல்லவேண்டும், இல்லையென்றால் கல்யாணம் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன பாவம்னு அவங்களே சொல்லிட்டா சவுகரியமா இருக்கும்" என்று அம்மா சிரித்தாள். ஆனால் அவள் கை ஒரே துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தது. பிறகு, ஏதாவது ஒன்றைக் கட்டிச் சொல்லிவிடுகிறேன், உன் கல்யாணம் நடந்தால் சரி என்றாள். பொய் சொல்லத் தெரியாத ஒரே மனுஷியை, பொய் சொல்லிப் புண்ணியம் தேடச் சொல்கிறார்கள்.

மறுநாள் கடைக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். கண்ணாடியே வேண்டாம், பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும் என்றார். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைத் தலை முதல் கால்வரை கடகடவென்று ஒப்பித்தார். முதலாளி அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் வேறு எழுத்துகள். டிரைவர் முழித்தார். காத்திருந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை மனப்பாடம் செய்திருந்தார், பாவம்.

அவள் சிரித்தாள். அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது. தெரிந்த ஜெபம். தெரிந்த வசனம். தேவாலயத்திலும் அட்டையை யாரும் இன்னும் திருப்பி மாட்டவில்லையே?

சாயங்காலமே போதகரைப் பார்க்கப் போனாள். அவருக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது. பிரசங்கம் நன்றாக இருந்தது என்று சொல்ல நாதியில்லை. கலசம் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் எல்லோரும் கைகொடுத்துவிட்டுப் போகிறார்கள். இருந்தாலும் அவள் வாசிக்கச் சொன்னதைக் கேட்டதும் தயங்கினார்.

"பொய்யான ஓலைய நான் எப்படிம்மா வாசிக்கிறது?"

"ஆராதனை முடிஞ்சப்புறம் சோதனைக்குத்தானேய்யா. ஒருத்தருக்காவது கேட்டா உடனே சிரிச்சிடுவாங்க. பொய் அங்கேயே செத்துரும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. வைத்தியர் கடைசி வரிசையில் கைகூப்பி நின்றார். மாப்பிள்ளை வீட்டார் அவர் பக்கத்திலேயே. அம்மா முதல் பெஞ்சில், முழங்கால் போடத் தயாராக, தலைகுனிந்திருந்தாள். மகள் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

போதகர் வழக்கமான ராகத்தில் வாசித்தார்.

"எதிரொலி வைத்தியருக்கும், நம் மணிக்கூண்டில் தொங்கும் பெரிய மணிக்கும் வருகிற வெள்ளிக்கிழமை திருமணம் நடைபெறும். மணமகள் கொஞ்சம் கனம். தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்."

பின்னால் யாரும் சிரிக்கவில்லை. வைத்தியர் கண்ணை மூடி, வலது கையை உயர்த்தி, மனமுருகி ஆமென் என்றார். பின்வரிசை முழுவதும் ஆமென் என்றது.

முதல் பெஞ்சில் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று அந்தத் தேவாலயத்தில் ஒரு பாவிக்கு மட்டும்தான் கேட்டது.

கோயிலில் என்ன சிரிப்பு என்று மாப்பிள்ளையின் அம்மா பின்னாலிருந்தே அதட்டினார். மகள் எழுந்து நடைபாதை வழியாக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, ஐயா என்ன வாசிச்சாரு?"

"ஓலைதான். தெளிவாக் கேட்டுச்சே."

"யாருக்கும் யாருக்கும்?"

அத்தை வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் புன்னகைத்தபடி பதில் சொன்னார்.

"உனக்கும் தம்பிக்கும்தாம்மா. ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா விழுந்துச்சு."

போதகர் மேடையை விட்டு இறங்கி, பின்வரிசைக்கே நடந்துவந்து, அதே ஓலையை அதே குரலில் மறுபடி வாசித்தார். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்து மேலே மணி அடித்தது.

"பொண்ணு கூப்பிடுது, போங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வைத்தியர் விடவில்லை. இன்றைக்குச் சபையில் பாவம் அதிகமாகிவிட்டது, அதனால்தான் என்று ஆரம்பித்தார். அப்போது கண்டக்டர் எழுந்தார். ஓடுகிற பஸ்ஸில் பேசிப் பழகிய குரல். எந்தக் கலசமும் தேவைப்படவில்லை.

"உங்க கல்யாணத்துக்கு நீங்களே ஆமென் போட்டீங்களே, அப்ப உங்க பாவம் எவ்வளவு சார்? எனக்கு இத்தனை வாரமா ஒரு வார்த்தைகூடக் கேக்கல. அம்மாவுக்குப் பயந்து தலையாட்டினேன். முதல் பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, அவங்க ஒருத்தங்கதான் உண்மையச் சொன்னாங்க. முழங்கால் போடணும்னா நாங்கதான் போடணும்."

அதற்குப் பிறகு அங்கே கேட்காதவர்கள் எண்ணிக்கை கிடுகிடுவென்று கூடியது. வைத்தியர் நழுவப் பார்த்தார். வாசலில் பாட்டுக்குழு ஆண்கள் மிக அன்பாக அவரைத் தடுத்து, வாங்கியதை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது அவருக்கு ஒரே தடவையில் கேட்டது.

ஒலிபெருக்கிக் கடைக்காரர் திரும்ப வந்தார். தூண்களில் சின்ன ஒலிபெருக்கிகள், பின்சுவரில் திரை. கலசங்கள் முற்றத்துக்குப் போயின. இப்போது அவற்றில் செடி வளர்கிறது. மூன்றாவது ஓலையை அம்மா வேண்டுமென்றே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். மகள் பெயர் தெளிவாக வந்து காதில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள், கேட்டதா என்று மெதுவாக விசாரித்தார்.

"கேட்டுச்சு. உங்களுக்கு?"

"எனக்குந்தான்" என்றார் சம்பந்தியம்மாள். ஒரு நிமிடம் கழித்து, "நிஜமாவே" என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்த ஊரில் ஒருவர், சுவர் ஈரத்தைக் குணப்படுத்தும் மோதிரம் விற்கிறாராம். நல்ல கூட்டமாம். ஆமென் சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எதற்குச் சொல்கிறோம் என்று மட்டும் ஒரு தடவை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால், வெள்ளிக்கிழமை உங்களுக்கே மணியோடு கல்யாணம் நடந்தாலும் நடக்கும்.