கல்யாணம் என்ற கிளாஸைப் பிரித்தவர்

கணினி நிரலை வாசிக்கக் கேட்டு மயங்கி விழுந்த மனிதர், நாகர்கோவிலில் மட்டுமல்ல, உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஒத்தமூச்சு. வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

நிரலுக்குள் கிளாஸ் என்பது ஒரு வேலையாள் மாதிரி. ஒரு வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வான். ஒன்பது கொடுத்தால் ஒன்பதையும் கெடுப்பான். எங்கள் சிறிய அலுவலகத்தில் சேர்ந்த அன்றே ஒத்தமூச்சு சட்டம் போட்டுவிட்டார். எந்தக் கிளாஸானாலும் அதன் வேலையை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவேண்டும். முடியாவிட்டால் பிரிக்கவேண்டும். இதில் விசேஷம் என்னவென்றால், சொல்வது நாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர். இரண்டு விரலால் மூக்கை இறுக்கி, கன்னம் உப்பி, கண் பிதுங்க அவர் நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் நீட்டிப் பேச மனம் வரும்? பாவம் பார்த்தே எங்கள் நிரல்கள் மெலிந்தன.

மயிலாடிக்காரர். சிலை செதுக்கும் ஊர் என்பதால் பார்க்கிறவர்களெல்லாம் அவர் கையில் ஒரு உளியைக் கற்பனை செய்துகொள்வார்கள். அவருக்கோ கல் தூசி பட்டால் பதினெட்டுத் தும்மல் வரும். "அதுக்குத்தான் வே கம்ப்யூட்டருக்கு வந்தேன்" என்பார்.

எங்கள் ஆறு பேர் பிழைப்பும் ஒரு கல்யாண மண்டப முதலாளியை நம்பி இருந்தது. அவருக்காக எழுதிய நிரலின் நடுவில் 'கல்யாணம்' என்றொரு கிளாஸ். எட்டு வருடம் நான் ஊட்டி வளர்த்த பிள்ளை. மண்டபத்துக்குத் தேதி குறிக்கும், அரிசி பருப்பு அளவு சொல்லும், இலை எண்ணும், ஜெனரேட்டருக்கு டீசல் கணிக்கும், மேளக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அடைப்பிரதமனை மாற்றிப் பால்பாயசம் என்று போட்டால் மேளக்காரர்களுக்குப் போகும் தேதி ஒரு நாள் முந்திவிடும். ஏன் என்று எனக்கே தெரியாது. இரண்டு முறை அவர்கள் முந்தின நாளே வந்து, பூட்டின மண்டப வாசலில் மேளத்தோடு நின்றார்கள்.

இந்தப் பிள்ளையின் வேலைகளை நான் சொல்லத் தொடங்கினேன். ஒத்தமூச்சு மூக்கைப் பிடித்தார். இலைக்கு வரும்போது ஆடினார். டீசலில் நாற்காலியிலிருந்து சரிந்தார். தண்ணீர் தெளித்தோம். கண் திறந்ததும் அவர் சொன்னது: "தாலி கெட்டுகது ஒண்ணுதான் இவன் செய்யாத வேலை, கேட்டேரா."

சிரிக்க நேரமில்லை. முதலாளி இரண்டாவது மண்டபம் கட்டியிருந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் நிரல் இரண்டு மண்டபத்தையும் தாங்கவேண்டும். அன்று ஏதாவது கோளாறு என்றால் திருவனந்தபுரத்துக் கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். பிரித்தே ஆகவேண்டும்.

ஒத்தமூச்சு ஒரு வரியையும் தொடவில்லை. பழைய கல்யாணங்களின் பட்டியல்களைக் கட்டுக்கட்டாக அள்ளிவந்தார். இத்தனை பேருக்கு இத்தனை அரிசி என்று பழைய நிரல் சொன்ன பதில்களையெல்லாம் பதிந்துவைத்தார். புதிய நிரலும் அதே பதிலைச் சொல்லவேண்டும்.

"பழசு தப்பாச் சொல்லியிருந்தா?" என்றேன்.

"தப்பாவே சொல்லட்டு. நாம உருவத்தைத்தான் மாத்துகோம், கொணத்தை இல்ல. தப்பைக் கண்டா தாள்ல எழுதி வையும். பொறவு நாலு பேருட்ட கேட்டுட்டுத் திருத்தலாம்."

கல்யாணம் மெல்லக் கலைந்தது. தேதிக்கு ஒரு கிளாஸ், சமையலுக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று. மலையிறங்கும் ஒரு வெள்ளம் ஏழு வாய்க்காலாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் வயலை மட்டும் பார்த்துப் போவதுபோல இருந்தது. சமையலைப் பிரிக்கும்போதுதான் கண்ணில் பட்டது என் பழைய பிழை. ஐந்நூறு பேருக்கு மேல் போனால் கைகாவலாகச் சேர்க்கும் இருபது கிலோ அரிசியை இரண்டு தடவை கூட்டியிருந்தேன். எட்டு வருடமாக இருபது கிலோ அதிகம். வெட்கமாகப் போயிற்று. தாளில் எழுதவில்லை. சத்தமில்லாமல் திருத்தினேன். பதிந்துவைத்த பதிலோடு முட்டியது; அந்தப் பதிலையும் திருத்தினேன்.

ஆவணி முதல் முகூர்த்தம். எண்ணூறு பேர். நானும் ஒத்தமூச்சும் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டோம். தேதி சரி, இலை சரி, மேளக்காரர்கள் அன்றைக்கே வந்திருந்தார்கள். இரண்டாம் பந்தி எழும்போது தலைமைச் சமையல்காரரான தவசுப்பிள்ளை ஆக்குப்பெரை என்ற சமையல் கொட்டகையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"சோறு தட்டுது வே. மூணாம் பந்திக்குப் பாதிகூட வராது. ஒம்ம கம்ப்யூட்டரு எளவு என்னத்தைச் சொல்லிச்சு?"

என் முகத்தைப் பார்த்தார் ஒத்தமூச்சு. பிறகு தவசுப்பிள்ளையிடம் திரும்பினார். "அண்ணாச்சி, பட்டியல்ல உள்ளதை அப்படியேயா போட்டியோ?"

"அப்படியே போடுகதுக்கு நான் என்ன பைத்தியமா? அதுக்கு எப்பவுமே ஆசை கூடுதல். பெரிய கல்யாணம்னா இருவது கிலோ கொறச்சுத்தான் அடுப்பேத்துவேன். எட்டு வருசமா இதான் பழக்கம்."

என் பிழையை அவர் முதல் வருடமே கண்டுபிடித்துத் தன் கையாலேயே திருத்திக்கொண்டுவிட்டார். நான் எட்டாவது வருடம் இன்னொரு தடவை திருத்தியிருக்கிறேன்.

"அப்போ கொறச்ச அரிசி?" என்று கேட்டார் ஒத்தமூச்சு.

"அன்னா, மூலையில சாக்குல இருக்கு."

"ஏத்தும் அண்ணாச்சி அடுப்புல. முக்கா மணிக்கூறு நான் தாறேன்."

எப்படித் தருவார் என்று எனக்குப் புரியவில்லை. நேரே மேடைக்கு ஏறினார். மைக்கைப் பிடித்து, மூன்றாம் பந்திக்கு உள்ளவர்களெல்லாம் மாப்பிள்ளை பெண்ணோடு குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போகவேண்டும் என்று அறிவித்தார். ஏதோ பெண்வீட்டார் ஏற்பாடு என்று மாப்பிள்ளைவீட்டார் நினைத்தார்கள்; மாப்பிள்ளைவீட்டார் ஏற்பாடு என்று பெண்வீட்டார். "அக்கா, பொடி மோளை முன்னால நிறுத்துங்க. மாமா, கண்ணாடியைக் களத்தும். செரியில்ல, இன்னொண்ணு எடுப்போம்." மாப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்து வாய் கோணிவிட்டது. சோறு வெந்தது.

மூன்றாம் பந்தி பாதி ஆனபோது முதலாளி வந்து நின்றார். "பந்தி எதுக்கு ஓய் தாமசமாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒத்தமூச்சு சொன்னார். "கணக்குல நாங்க வரவச்ச பெசகு. இன்னைக்கே செரியாக்கித் தாறோம்."

முதலாளி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மூன்றாம் பந்தியில் பாயசத்தை இலையிலிருந்து வழித்துக் குடிக்கும் சத்தம் கேட்டது. "படம் எடுத்தது கொள்ளாம்" என்று மெச்சிவிட்டுப் போனார். திருவனந்தபுரம் அன்றைக்கு அதன் இடத்திலேயே இருந்தது.

எல்லோரும் போனபிறகு ஆக்குப்பெரையில் எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டார் தவசுப்பிள்ளை. அண்டாவைச் சுரண்டியதில் ஒரு ஆளுக்கான சோறுதான் தேறியது. ஒத்தமூச்சு அதை அப்படியே என் இலைக்குத் தள்ளினார்.

"நீரு தின்னும். நான் ரெண்டாம் பந்தியிலேயே சாப்பிட்டாச்சு."

காலையிலிருந்து அவர் என் பக்கத்தைவிட்டு நகர்ந்தது, மேடைக்குப் போன அந்த முக்கால் மணிநேரம் மட்டும்தான்.