ஒற்றைப் பல்பும் டாக்டரம்மாவின் பேட்டரியும்

1. ஒரு வியாழக்கிழமை காலை டாக்டரம்மாவின் கார் கிளம்பவில்லை.

2. மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, பேட்டரி செத்துவிட்டது என்றார்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை ஆம்பியர் மாமா அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

4. அன்றிலிருந்து பதினோரு நாள் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பல்பு எரிந்தது.

ஸ்ரீரங்கத்தில் அடுத்தவர் கார் நின்றுபோனால் முகம் மலர்ந்த ஒரே மனிதர் ஆம்பியர் மாமாதான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. யாருடைய காராவது நின்றால்தான் அவர் வீட்டில் விளக்கு எரியும்.

மாமா தந்தி ஆபீஸ் பேட்டரி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் ரெக்டிஃபயர் ஒன்றைப் பழைய சினிமாக் கொட்டகையிலிருந்து வாங்கிவந்து வைத்து வீட்டிலேயே பேட்டரி சார்ஜ் செய்துவந்தார். மின்சாரம் நேராகப் பாய்ந்தால் பேட்டரி வெந்துவிடும். அதைத் தடுக்க வழியில் சில பல்புகளை மாட்டுவார்கள். கடைகளில் அவை ஏதாவது மூலையில் எரிந்துகொண்டிருக்கும். "சும்மா எரியறது பாவம்" என்று மாமா வீட்டு விளக்குகளையே அந்த வழியில் கோத்துவிட்டார். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் குடியிருந்த எனக்கும் அம்மாவுக்கும் ஒன்று. பேட்டரியை மாட்டினால் எல்லாம் எரியும். கழற்றினால் எல்லாம் அணையும்.

வைகுண்ட ஏகாதசி வந்தால் வீடு கல்யாணக் களை கட்டும். வெளியூர்க் கார்கள் வரிசையாக நிற்கும் தெருவில் மாமா காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார். ஸ்டார்ட்டர் கொஞ்சம் முனகினால் போதும், "பேட்டரி இளைச்சிருக்கு. கழட்டட்டுமா?" என்று ஸ்பானரோடு நிற்பார்.

ஒரு சாயங்காலம் மாமியின் தங்கை பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். பெண் காபித் தட்டோடு வரும் நேரத்தில், சார்ஜுக்குக் கொடுத்தவர் கொல்லைப் பக்கமாக வந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வீடே இருட்டு. மாமா அலட்டிக்கொள்ளாமல் வாசலுக்குப் போய், மாப்பிள்ளை வீட்டார் வந்த காரின் பேட்டரியைக் கழற்றிவந்து மாட்டினார். வெளிச்சம் வந்தது. அவர்களால் இரண்டு மணி நேரம் கிளம்ப முடியவில்லை. அதற்குள் பெண்ணைப் பிடித்துவிட்டது.

இப்படிப்பட்டவரிடம்தான் டாக்டரம்மா வந்தார்.

"புதுசு வர ஒரு மாசம் ஆகும்ங்கறாங்க மாமா. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் பஸ் போகாத ஊருக்கெல்லாம் வியாழன் தவறாமப் போயிட்டிருக்கேன். மாட்டுவண்டியில போனா போய்ச் சேரவே மத்தியானமாயிடும். ஒரு வாரம் போகலேன்னா பொறுத்துக்குவாங்க. ரெண்டு வாரமும் பொறுத்துக்குவாங்க. மூணாவது வாரமும் போகலேன்னா பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டாங்க. பழையபடி வீட்டுலயே பார்த்துக்குவாங்க."

"மூணாவது வியாழன் காலம்பற உங்க கார் கிளம்பும்" என்றார் மாமா.

"மூணு மெக்கானிக்கும் செத்துப்போச்சுங்கறாங்களே?"

"அவா பார்த்தது பத்து நிமிஷம். இது பட்டினி கெடந்த உடம்பு. எடுத்த எடுப்புல விருந்து வெச்சா தாங்காது. சொட்டுச் சொட்டா கஞ்சி விடணும்."

கஞ்சி என்றால் மிகக் குறைந்த மின்சாரம். அதாவது ஒரே பல்பு. சமையலறைப் பல்பையும் எங்கள் மாடிப் பல்பையும் கழற்றிவிட்டார். மாமி குமுட்டி அடுப்போடு கூடத்துக்கு வந்தாள். என் அம்மா முறத்தோடு வந்தாள். பாலிடெக்னிக்கில் மின்சாரச் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான், மாணவர்களின் நோட்டுக் கட்டோடு வந்தேன்.

"எல்லார் ஆத்துலயும் வேஷ்டி பழசாகித்தான் ஓட்டை விழும், எங்காத்துலதான் ஆசிட் பட்டு விழறது. இப்ப சாப்பிடற எலையும் தெரியலை" என்றாள் மாமி.

"எலை தெரியாட்டா என்ன, வாய் தெரியறதோல்லியோ" என்றார் மாமா.

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் மனம் அமையும். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ராமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயால் காலையும் மாலையும் அளந்து எழுதினேன். 1250 வந்தால் பேட்டரி பிழைத்தது என்று அர்த்தம். முதல் நாள் 1080. ஐந்தாம் நாள் 1130. அதற்குமேல் நகரவில்லை.

மாமா முதலில் தண்ணீரைக் குறை சொன்னார். அப்புறம் தகடுகளை. அப்புறம் டாக்டரம்மாவின் டிரைவரை. ஏழாம் நாள் என் பட்டியலை மறுபடி பார்த்தேன். மாலை 1130, காலை 1120. மறுநாளும் மாலை 1130, காலை 1120. பகலெல்லாம் ஏறியது விடிவதற்குள் இறங்கியிருந்தது.

"மாமி, ராத்திரி கூடத்து விளக்கை அணைக்கிறது யாரு?"

"வேற யாரு, இவர்தான். கல்யாணமான நாள்லேர்ந்து ஒம்போது மணிக்குக் கை தானா ஸ்விட்சுக்குப் போயிடும். தூக்கத்துலகூடப் போகும்."

பல்பு அணைந்தால் பேட்டரிக்கும் மின்சாரம் இல்லை. ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி, அதைக் கண்டுபிடித்தவருக்கு மட்டும் ஒன்பது மணிக்கு மறந்துபோயிருக்கிறது. நான் பட்டியலை நீட்டினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மெயினை அணைத்துவிட்டு, சுவரிலிருந்த ஸ்விட்சைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு கம்பிகளையும் முறுக்கி டேப் சுற்றினார்.

"இனிமே பார்க்கறேன்" என்றார், தன் கையைப் பார்த்து.

மீதி நாட்களில் கூடத்தில் எல்லோரும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். மாமி துண்டுக்கு அடியிலிருந்து பேசினாள்.

மூன்றாவது வியாழன் காலை 1240 காட்டியது.

"பத்து குறையுது மாமா. புத்தகத்துல 1250-ன்னு போட்டிருக்கே."

"புத்தகமா கார் ஓட்டப்போறது? தூக்கு அந்தப் பக்கம்."

காரில் மாட்டினோம். முதல் தடவை ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றது. டாக்டரம்மா மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை இருமியது. மாமா பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. டிரைவர் எஞ்சினை நிறுத்தப் பயந்து, அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாமாவின் ஸ்பானரும் பானெட்டுக்குள்ளேயே கொள்ளிடம் தாண்டிப்போனது.

அந்தப் பேட்டரி ஏழு மாதம் ஓடியது. இப்போது காரில் இருப்பது புதுசு. வியாழக்கிழமை வைத்தியம் தொடர்ந்து நடக்கிறது. நான் கல்யாணமாகிப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். மாமாவுக்கு இரண்டு மாதமாக மூச்சிரைப்பு. வியாழன் காலையில் டாக்டரம்மாவின் கார் முதலில் அவர் வாசலில் நின்றுவிட்டுத்தான் பாலம் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரைப் பார்க்கப் போகிறேன்.