நான் பயமுறுத்திய வரிமீன்கள்

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு குணம் உண்டு. தாங்கள் பயப்படுவது போதாதென்று, பக்கத்தில் இருப்பவர்களையும் காப்பாற்றக் கிளம்பிவிடுவார்கள். நான் காப்பாற்றக் கிளம்பியது மீன்களை.

யுத்த காலம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குத் திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தில் மீன்தொட்டி பராமரிக்கும் வேலை கிடைத்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, உடம்பெல்லாம் கோடு போட்ட வரிக்குதிரை மீன்கள். ஆராய்ச்சி செய்த சுமதி மிஸ் முதல் நாளே விளங்கப்படுத்தினார்.

“பயம் எண்டு வந்தால் இதின்ரை மூளையும் எங்கடை மூளை மாதிரித்தான் அண்ணை. புதுத் தொட்டியிலை விட்டால், பயந்த மீன் அடியிலை கிடக்கும். பயம் தெளிஞ்சால் மேலை வரும். பதற்ற வருத்தத்துக்கு ஒரு மருந்து பாக்கிறன். அதைக் குடுத்த மீன் கெதியா மேலை வரவேணும்.”

(எனக்கும் ஒரு சொட்டுத் தருவீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது.)

பரிசோதனை நாளன்று மருந்து கொடுத்த மீனும் அடியில், கொடுக்காத மீனும் அடியில். மிஸ்ஸின் முகம் வாடிப்போயிற்று. இது சரிவராவிட்டால் ஆராய்ச்சியும் இல்லை, என் வேலையும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சீனன்குடா விமானப்படைத் தளப் பக்கமிருந்து ஒரு ஹெலிகொப்டர் கிளம்பியது. நான் வழக்கம்போல லைற்றை அணைத்து, தொட்டிகள்மேல் சாக்கை எறிந்துவிட்டு, மேசைக்குக் கீழே பாய்ந்தேன்.

“என்ன அண்ணை செய்யிறீங்கள்?”

“ஹெலி மிஸ். நீங்களும் குனியுங்கோ.”

“மீனுக்கு என்னத்துக்குச் சாக்கு?”

“கண்ணாடி சிதறினால் அதுகள் பாவமெல்லே?”

“ஒவ்வொரு முறையும் இப்பிடியோ?”

“ஓம் மிஸ். ஒருக்காலும் தவறவிடேல்லை” என்றேன், மேசைக்கடியிலிருந்து பெருமையாக.

மிஸ் கதிரையில் பொத்தென்று இருந்தார். “ஐயோ அண்ணை! அதுகள் ஹெலிக்குப் பயப்படேல்லை. உங்களுக்குத்தான் பயந்து கிடக்குதுகள்! நாள் முழுக்கப் பயந்த மீனுக்கு மருந்து எங்கை கேக்கப்போகுது?”

புது மீன்கள் வந்தன. “இன்னொருக்காச் செய்து பாப்பம். உங்களாலை ஏலுமோ?” என்று கேட்டார்.

“ஏலும்” என்றேன். (முழங்கால்களை நான் கேட்கவில்லை.)

சாக்கைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன். ஹெலி வந்தபோதெல்லாம் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பல் கிட்டியது, லைற் மட்டும் எரிந்தபடியே இருந்தது. நான் நகரவில்லை.

இரண்டாம் பரிசோதனை. மருந்து கொடுக்காத மீன் அடியிலேயே கிடந்தது. மருந்து கொடுத்தது கொஞ்சம் யோசித்து, கொஞ்சம் எழும்பி, மேல்தண்ணீருக்கு வந்து உல்லாசமாக ஒரு சுற்றுப் போட்டது. மிஸ் கைதட்டினார். நான் அழுதேன் என்று அவர் இன்றும் சொல்லித் திரிகிறாராம்.

வீட்டில் போய் இந்தக் கதையைச் சொன்னதுதான் பிழை. இப்போதும் மகள் வர ஐந்து நிமிடம் பிந்த, நான் கேற்றுக்கும் குசினிக்குமாக நடந்தால், மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

“என்னப்பா, அடியிலையோ?”

“இல்லையப்பா, பாதித் தண்ணியிலை நிக்கிறன்.”