ஆடி கழிந்ததும் கிளம்பும் ராக்கெட்

மனிதர்களில் தேதிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. வேலையை முடிப்பவர் அல்ல, முடியப்போகும் தேதியைச் சொல்பவர். தையல் கடையில் பார்த்திருப்பீர்கள், வீடு கட்டும்போது தினமும் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால் நாமக்கல்லுக்கு வந்து, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைத் தாண்டி, ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் ராக்கெட் கட்டிக்கொண்டிருக்கும் தனசேகரைத்தான் பார்க்க வேண்டும்.

தனசேகரும் ஒரு காலத்தில் லாரிக்குப் பாடி கட்டியவர்தான். அந்தத் தொழிலில், வண்டியை விட்டுவிட்டுப் போகும் ஓனரிடம் "வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கங்க" என்று சொல்வது ஒரு மரியாதை. வெள்ளிக்கிழமை அவர் வந்து, இன்னும் பெயின்டே அடிக்கவில்லை என்று பார்த்து, டீ குடித்துவிட்டுப் போவது பதில் மரியாதை. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த மரியாதையை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோனதுதான் தனசேகரின் சாதனை. சின்னச் சின்ன சாட்டிலைட்டுகளை லாரியில் லோடு ஏற்றுவதுபோல் குறைந்த வாடகைக்கு ஏற்றிக்கொண்டுபோய் மேலே இறக்கிவிடும் சின்ன ராக்கெட். நல்ல யோசனைதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்பெனி ஆரம்பித்த அன்றே தேதி சொன்னார். எஞ்சின் காகிதத்தில்கூட வரவில்லை, ஆனால் ராக்கெட்டுக்கு என்ன கலர் என்பது முடிவாகியிருந்தது. தை என்றார். தை வந்ததும் சித்திரை என்றார். மற்ற ஊர் ராக்கெட் கம்பெனிகள் வானிலை, வால்வு என்று காரணம் தேடித் தவிக்கின்றன. தனசேகருக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அவருக்கு ஆடி இருந்தது. ஆடியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை, குடி போவதில்லை, புது லாரியை டெலிவரி எடுப்பதில்லை. "ஆடி கழியட்டுங்க" என்றால் பணம் போட்டவர்கூடத் தலையாட்டிவிடுவார். ஆடி போனால் மார்கழி இருக்கவே இருக்கிறது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் கோகிலவாணி. திருச்செங்கோட்டுப் பெண், எஞ்சின் பிரிவுக்குத் தலைமை. குமாரபாளையத்துக் குமரனோடு நிச்சயமான அன்று, ராக்கெட் கிளம்பிய அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று அவளே சொல்லிவிட்டாள். முதலாளி சொன்ன தேதியை நம்பிய பாவம். அன்றிலிருந்து குமரனின் தாயார் சௌந்திரம் மாதம் தவறாமல் போன் செய்கிறார்.

"ஏஞ் சாமி, உங்க ராக்கெட்டு எப்பத்தான் போவும்? மண்டபத்துக்காரரு கேட்டுக்கிட்டே இருக்கறாரு."

"சித்திரைன்னு சொல்றாருங்க அத்தை."

"எந்தச் சித்திரை?"

நியாயமான கேள்வி.

இந்த ஆடியில்தான் விபரீதம் நடந்தது. ராக்கெட் தயாராகிவிட்டது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் தேதி கேட்பதில்லை அல்லவா? மேடை கிடையாது, மாலை கிடையாது, கேமராவோடு யாரும் வந்து நிற்பதும் கிடையாது. அந்த நிம்மதியில் கோகிலவாணியும் அவள் ஆட்களும் உட்கார்ந்து, கசிந்துகொண்டிருந்த வால்வை மாற்றி, எஞ்சினை எரித்துப் பார்த்து, மறுபடியும் எரித்துப் பார்த்து, வேலையை முடித்தே விட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ஏவுதளத்திலிருந்து தகவல் வந்தது: வேறொரு கம்பெனி விலகிக்கொண்டதால் ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா?

கோகிலவாணி ஓடிவந்து சொன்னாள். தனசேகர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆடியிலயா, அம்மிணி?"

"அவிய ஆடி, ஆவணியெல்லாம் பாக்கறதில்லீங்கண்ணா. இதை உட்டா அடுத்தது எப்பக் கெடைக்குமோ தெரியாது."

"ஆவணியில கேட்டுப் பாக்கலாமே?"

"ஆவணியில எடமே இல்லீங்க. அண்ணா, நெசத்தச் சொல்லுங்க. ஆடிக்குத்தான் பயப்படறீங்களா?"

தனசேகர் கொட்டகையில் படுத்திருந்த ராக்கெட்டைப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, முதல் முறையாகத் தேதி கலக்காமல் பேசினார்.

"ராக்கெட்ட மேல உட்டா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சு போயிருமே அம்மிணி. இப்ப ஊருல நாலு பேரு ராக்கெட்டுக்காரர்னு கும்பிடறாங்க. வெடிச்சுப் போச்சுன்னா? தேதியா இருக்கற வரைக்கும் அது வெடிக்காதில்ல."

அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி இதைக் கேட்டதும் போய்விட்டது. மீதிப் பாதி கோகிலவாணிக்காக அப்படியே இருக்கிறது.

ஏவுதளத்துக்கு "இயலாது" என்று பதில் போனது. அந்த நாளை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அதே வாரம் ஒரு கடைத் திறப்பு விழாவில் தனசேகர் மைக்கைப் பிடித்தார்: "ஆவணி மொத முகூர்த்தம், நம்ம ராக்கெட்டு கெளம்புதுங்க!" நல்ல கைதட்டல். கோகிலவாணி கைதட்டவில்லை. வெளியே வந்து போனை எடுத்தாள்.

"அத்தை, ஆவணி மொத முகூர்த்தத்துக்கே மண்டபம் சொல்லிருங்க."

"ஏஞ் சாமி, அன்னைக்குத்தான் ராக்கெட்டுன்னு உங்க மொதலாளி சொன்னாராமே?"

"அதனாலதானுங்க சொல்றேன். அன்னைக்கு எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் வேலை இருக்காது."

அப்படியே ஆயிற்று. கம்பெனி மொத்தமும் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டது. முதல் பந்தியில் தனசேகர். பக்கத்து இலைக்காரர் ராக்கெட் எப்போது என்று கேட்க, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே "தையிலங்க" என்றார். பிறகு மேடையேறி மணமக்களை வாழ்த்தினார். கோகிலவாணி காலில் விழுந்து எழுந்து, வேலையை விடப்போவதாகச் சொன்னாள்.

தனசேகர் அதிரவில்லை. எதையோ செய்யப்போவதாகச் சொல்வது அவருக்குப் பழக்கமானதுதானே. தட்டிக்கொடுக்கும் குரலில் கேட்டார்:

"சரி அம்மிணி. எந்த மாசம்?"

"இன்னைக்குங்கண்ணா."

அப்படியும் ஒரு தேதி உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பரிசுப் பொட்டலத்தைக் கொடுக்க மறந்து, கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் உங்கள் வீட்டு மாடியைப் பற்றியோ, தம்பியிடம் போய்ப் பேசிச் சமாதானமாவதைப் பற்றியோ யாராவது "எப்போது?" என்று கேட்டால், உங்கள் வாயில் முதலில் எந்த மாதம் வருகிறது என்று மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.